இரண்டு பக்கத்தோடு நிறுத்தப்படும் கன்செர்ட்டினோ

ஜெர்மனியில் ஏதோ ஒரு ஊரின் இசைக்குழுவில் டிராம்போன் வாசிப்பவர் ஓய்வு பெறுகிறார். இடம் காலியாகிறது, அறிவிப்பு வெளியாகிறது. ஆடிஷனுக்கு என்ன தயார் செய்துகொண்டு வர வேண்டும் என்று அதில் போட்டிருப்பார்கள். முதல் வரி பெரும்பாலும் ஒன்றேதான்: ஃபெர்டினாண்ட் டேவிட், டிராம்போன் கன்செர்ட்டினோ, இ ஃபிளாட் மேஜர், முதல் பகுதி. ஆஸ்திரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் இதே கதைதான். மற்ற நாடுகளிலும் இசைக் கல்லூரி நுழைவுத் தேர்வு, இளைஞர் போட்டி என்று எங்கே டிராம்போன் வந்தாலும் பின்னாலேயே டேவிட்டும் வந்துவிடுகிறார். டிராம்போனைத் தொழிலாக எடுத்துக்கொண்ட ஒருவர் இந்தப் படைப்பை வாசிக்காமல் தப்பிக்கவே முடியாது.

அந்த ஆடிஷன் எப்படி நடக்கும் என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முதல் சுற்றில் பெரும்பாலும் திரை கட்டியிருப்பார்கள். திரைக்கு அந்தப் பக்கம் அதே இசைக்குழுவைச் சேர்ந்த கலைஞர்கள் உட்கார்ந்திருப்பார்கள். நாளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கப் போகிறவரை அவர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். திரைக்கு இந்தப் பக்கம் ஒரு பியானோ. இசைக்குழு வாசிக்க வேண்டிய முன்னுரையை முழுக்க வாசிக்க நேரம் கிடையாது, அதனால் பியானோக்காரர் கடைசிச் சில அளவுகளை மட்டும் வாசித்துக் கொடுப்பார். உடனே டிராம்போன் நுழைய வேண்டும். கம்பீரமான ஒரு ஆரம்பம், பிறகு பாட்டைப் போல நீளும் ஒரு மெட்டு, பிறகு வேக ஓட்டம், முடிக்கும் இடத்தில் ஒரு டிரில். சில நிமிடத்தில் திரைக்குப் பின்னாலிருந்து ‘நன்றி’ என்று ஒரு குரல் கேட்கும். அடுத்தவர் வரலாம்.

அந்தச் சில நிமிடம் இரண்டே பக்கத்துக்குள் அடங்கிவிடும். அந்த இரண்டு பக்கத்தில்தான் இந்தப் படைப்பின் உலகப் புகழே நிற்கிறது. டேவிட்டின் கன்செர்ட்டினோ டிராம்போன் தனி வாசிப்புப் படைப்புகளில் முதல் வரிசையில் இருக்கத் தகுதியானது என்பதுதான் என் கட்சி. ஆனால் அதன் உயிர் அந்த இரண்டு பக்கத்தைத் தாண்டிய இடத்தில் இருக்கிறது. அதைப் பற்றி விரிவாகவே பேச வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. பள்ளிக் காலத்தில் சர்ச் பேண்டில் சில வருடம் டிராம்போன் பிடித்தவன் என்பதால் இந்த வாத்தியத்தின் மேல் எனக்குத் தனிப் பாசம் உண்டு. இன்று வாசிப்பதில்லை, கேட்பதோடு சரி.

முதலில் ஒரு கேள்வி. மற்ற வாத்தியக்காரர்கள் ஆடிஷனில் என்ன வாசிக்கிறார்கள்? கிளாரினெட் என்றால் மோட்சார்ட் 1791-இல் எழுதிய கன்செர்ட்டோ. டிரம்பெட் என்றால் ஹைடன் 1796-இல் எழுதியது. புல்லாங்குழல், ஓபோ, பஸூன், ஹார்ன் எல்லாவற்றுக்கும் மோட்சார்ட் இருக்கிறார். ஒரு வாத்தியக்காரரின் தரத்தை அளக்க அந்தக் காலத்து இசையை விடச் சரியான அளவுகோல் இல்லை என்று எல்லா இசைக்குழுக்களும் நம்புகின்றன. அதில் மறைந்துகொள்ள இடமில்லை. ஒரு சுரம் சற்றே பிசகினாலும், ஒரு மூச்சு இடம் மாறி விழுந்தாலும் பளிச்சென்று தெரிந்துவிடும்.

டிராம்போனுக்கு மோட்சார்ட் கன்செர்ட்டோ எழுதவில்லை. ஹைடனும் எழுதவில்லை, பீத்தோவனும் எழுதவில்லை. பிடிக்காமல் இல்லை. மோட்சார்ட்டின் ரெக்வியத்தில் இறுதித் தீர்ப்பு நாளின் எக்காளம் முழங்கும் இடத்தில் ஒரு டிராம்போன் தனியாக எழுந்து நிற்கிறது. ‘டான் ஜொவானி’யில் கற்சிலை உயிர்பெற்றுப் பேசும்போது டிராம்போன்கள் வருகின்றன. ‘மாயப் புல்லாங்குழ’லில் பூசாரிகளோடு வருகின்றன. மோட்சார்ட்டின் மனசில் அது மறுஉலகத்தின் குரல். பீத்தோவன் ஐந்தாவது சிம்பனியில் முதல் மூன்று பகுதிகளுக்கு டிராம்போன்காரர்களைச் சும்மாவே உட்கார வைத்து, கடைசிப் பகுதி வெடிக்கும்போதுதான் எழுப்புகிறார். பிராம்ஸின் முதல் சிம்பனியிலும் நான்காம் பகுதி வரைக்கும் காத்திருப்புதான். பெரிய ஆட்கள் டிராம்போனைத் தங்கம் மாதிரி பொத்திப் பொத்தி வைத்தார்கள். அதற்கு மரியாதை கிடைத்தது, தனிக் கச்சேரி கிடைக்கவில்லை.

அதற்கு முன்னால் வியன்னாவிலும் சால்ஸ்பர்க்கிலும் ஒரு பொற்காலம் இருந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் வாகன்சைல் ஆல்டோ டிராம்போனுக்கு ஒரு கன்செர்ட்டோ எழுதினார். பின்னாளில் பீத்தோவனுக்குப் பாடம் சொன்ன ஆல்பிரெக்ட்ஸ்பெர்கர் 1769-இல் ஒன்று எழுதினார். மோட்சார்ட்டின் தகப்பனார் லெயோபோல்ட், சால்ஸ்பர்க்கின் தாமஸ் க்ஷ்லாட் என்ற டிராம்போன் கலைஞருக்காகத் தன் செரனேட் ஒன்றில் தனிப் பகுதிகள் எழுதினார். நல்ல டிராம்போன்காரர் கிடைக்காவிட்டால் நல்ல கலைஞர் ஒருவர் இதை வயோலாவில் வாசிக்கலாம் என்று குறிப்பும் கொடுத்தார். டிராம்போனும் வயோலாவும் ஒன்றுக்கொன்று மாற்று என்ற அந்த நினைப்பு, அடுத்து வரப்போகிற ஆளுக்கு அப்படியே பொருந்தும். அந்தத் தலைமுறை போனதும் ஆல்டோ டிராம்போனில் தனி வாசிக்கும் கலையும் மங்கிவிட்டது. மறுபடி டிராம்போன்காரர் ஒருவர் இசைக்குழுவுக்கு முன்னால் வந்து நிற்க, லைப்சிக் நகரம் வர வேண்டியிருந்தது.

லைப்சிக்கின் கெவாண்ட்ஹவுஸ் இசைக்குழுவில் கார்ல் டிராகோட் க்வைசர் என்று ஒருவர். 1800-இல் பிறந்தவர். இசைக்குழுவில் அவர் முக்கியமாக வாசித்தது வயோலா. ஆனால் டிராம்போனைக் கையில் எடுத்தால் அந்த ஊரே திரும்பிப் பார்க்கும். கெவாண்ட்ஹவுஸ் மேடையில் டிராம்போன் தனிக் கலைஞராக வருடா வருடம் நின்றவர் அவர். மெண்டல்சன் 1835-இல் அந்த இசைக்குழுவின் பொறுப்புக்கு வந்தார். அடுத்த வருடமே தன் நண்பர் ஃபெர்டினாண்ட் டேவிட்டை முதல் வயலினுக்கு வரவழைத்தார். டேவிட்டும் மெண்டல்சனும் ஹாம்பர்க்கில் ஒரே வீட்டில், ஏறத்தாழ ஒரு வருட இடைவெளியில் பிறந்தவர்கள் என்று சொல்வார்கள். டேவிட்டின் நால்வர் குழுவில் வயோலா யார்? அதே க்வைசர்தான்.

க்வைசர் மெண்டல்சனிடம் டிராம்போனுக்கு ஒரு கன்செர்ட்டோ எழுதித் தரச் சொல்லிக் கேட்டார், மெண்டல்சனுக்கு நேரம் கிடைக்கவில்லை, டேவிட்டிடம் கைகாட்டிவிட்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. 1837 டிசம்பர் 14 அன்று கெவாண்ட்ஹவுஸில் க்வைசர் வாசிக்க, மெண்டல்சன் இசைக்குழுவை நடத்த, டேவிட்டின் கன்செர்ட்டினோ முதன்முறையாக அரங்கேறியது. அன்றைக்கு மெண்டல்சனுக்கு வயது 28, டேவிட்டுக்கு 27, க்வைசருக்கு 37. அடுத்த வருடம் லைப்சிக்கிலேயே அச்சாகிவிட்டது.

மெண்டல்சன் மட்டும் எழுதியிருந்தால் என்ற ஏக்கம் டிராம்போன்காரர்களுக்கு இன்றும் உண்டு. எனக்கும் உண்டு. ஆனாலும் அவர் டிராம்போனுக்குப் பாக்கி வைக்கவில்லை. 1840-இல் லைப்சிக்கில் அரங்கேறிய ‘லோப்கெசாங்’ சிம்பனியை எடுத்துக்கொள்ளுங்கள். அது டிராம்போன்களின் குரலில்தான் தொடங்குகிறது. வேறெந்த வாத்தியமும் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவை தனியாக எழுந்து சொல்லும் அந்த வரி, பிறகு அந்த ஒரு மணி நேரப் படைப்பு முழுக்கத் திரும்பத் திரும்ப வருகிறது. க்வைசர் இருந்த ஊரில் பிறந்த வரி அது.

வயலின்காரர் ஒருவர் டிராம்போனுக்கு எழுதினால் எப்படி இருக்கும்? ஆபத்தான காரியம்தான். வயலினில் விரலை அழுத்திய அடுத்த நொடியில் அடுத்த சுரம் கிடைத்துவிடும். டிராம்போனில் விரலுக்கு வேலையே இல்லை, கை முழுக்கப் பயணம் செய்ய வேண்டும். ஸ்லைடுக்கு ஏழு நிலைகள். எங்கேயும் கோடு கிடையாது, அடையாளம் கிடையாது. மூன்றாவது நிலை, வாத்தியத்தின் வாய் விளிம்புக்குச் சற்று உள்ளே வரும். நான்காவது, விளிம்பைச் சற்றுத் தாண்டி நிற்கும். மற்றதெல்லாம் தோளும் காதும் சேர்ந்து கண்டுபிடிப்பதுதான். ஏழாவது நிலைக்குக் குட்டைக் கைக்காரர்கள் தோளையே சாய்க்க வேண்டியிருக்கும். ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது நடுவில் உள்ளதெல்லாம் வழுக்கிக் கேட்காமல் இருக்க, நாக்கு சரியான கணத்தில் மூச்சை வெட்ட வேண்டும். ரொம்ப முன்னால் வெட்டினால் இடைவெளி விழும், தாமதித்தால் இழுவை கேட்கும். வேகமாக ஓடும் இடங்களில் இதை நொடிக்குப் பல முறை செய்ய வேண்டும்.

டேவிட் இந்தக் கஷ்டங்களை அறிந்துதான் எழுதியிருக்கிறார். பக்கத்து நாற்காலியில் க்வைசர் இருந்தார், கேட்டால் சொல்லியிருப்பார். ஓட்டங்கள் கையின் போக்குக்கு இணங்கி வருகின்றன. டிரில் எழுதியிருக்கிறார், அது ஸ்லைடை ஆட்டி வராது. அடுத்தடுத்த சுரங்கள் ஒரே நிலையில் நெருங்கிக் கிடக்கும் மேல் ஸ்தாயியில் உதட்டால் மட்டுமே போட வேண்டும். கேட்பவருக்கு ஒரு வயலின் அலங்காரம் போல இருக்கும், வாசிப்பவருக்கு உதடு நடுங்கும். முதல் அச்சில் ‘பாஸ் டிராம்போனுக்காக’ என்றே போட்டிருந்தது. இன்று பாஸ் டிராம்போன் என்று நாம் சொல்லும் பெரிய வாத்தியத்தை நினைக்க வேண்டாம். க்வைசர் வாசித்தது குழாய் அகலமான ஒரு டெனார் வகை. லைப்சிக் வாத்தியத் தச்சர் சாட்லர் டிராம்போனில் எஃப் வால்வைப் பொருத்தியது 1839-இல், அதாவது இந்தப் படைப்பு அரங்கேறி இரண்டு வருடம் கழித்து. இன்றைய ஜெர்மன் டிராம்போனின் வழி அந்த ஊரிலிருந்து, அந்தச் சில வருடங்களிலிருந்து கிளம்புகிறது. வாத்தியமும் படைப்பும் ஒரே தெருவில் பிறந்து வளர்ந்திருக்கின்றன.

சரி, இரண்டு பக்கத்துக்கு அப்புறம் என்ன இருக்கிறது?

கன்செர்ட்டினோ மொத்தம் ஏறத்தாழ கால் மணி நேரம். மூன்று பகுதிகள், நடுவில் நிறுத்தமே கிடையாது, ஒன்று இன்னொன்றுக்குள் வழிந்து ஓடும். முதல் பகுதி இ ஃபிளாட் மேஜரில் கிளம்பி, வழக்கப்படி பி ஃபிளாட்டில் போய் நிற்கிறது. இந்த மாதிரிப் படைப்புகளில் அடுத்து என்ன வரும் என்று கேட்டுப் பழகியவர்களுக்குத் தெரியும்: முன்னால் வந்த மெட்டுகளைப் பிரித்துப் போட்டு, வெவ்வேறு சுருதிகளில் அலைய விட்டு, பிறகு வீட்டுக்குக் கூட்டி வருவார்கள். டேவிட் அதைச் செய்யவில்லை. அந்த இடத்தில் ஒரு சாவு ஊர்வலத்தை வைக்கிறார். சி மைனர். தலைப்பிலேயே ‘மார்ச்சா ஃபூனெப்ரே’ என்று எழுதிவிட்டார், இறுதி ஊர்வல நடை. அது முடிந்ததும் மூன்றாவது பகுதியில் முதல் பகுதியின் தொடக்கம் திரும்பி வருகிறது, இந்த முறை வீட்டுச் சுருதியிலேயே நிலைத்து முடிகிறது. மூன்று பகுதி என்று பெயர்தானே தவிர, உள்ளுக்குள் அது ஒரே ஒரு பெரிய பகுதி. நடுவயிற்றில் ஒரு துக்கத்தைச் சுமந்திருக்கும் பகுதி.

இதைக் கவனித்த பிறகு எனக்கு ஆடிஷன் பழக்கத்தின் மேல் வருத்தம் வந்துவிட்டது. முதல் பகுதி தனியாக முடிவதே இல்லை. பி ஃபிளாட்டில் கதவைத் திறந்து வைத்துவிட்டு நிற்கிறது. கம்பீரமாக உள்ளே வந்த டிராம்போன் ஒரு மரணத்தைக் கடந்துதான் மறுபடி அதே கம்பீரத்தோடு பேச வேண்டும் என்பது டேவிட் போட்ட கணக்கு. மூன்றாவது பகுதியில் அதே மெட்டு வரும்போது நாம் வேறு ஆளாகக் கேட்கிறோம். ‘நன்றி’ என்ற குரல் அந்தக் கணக்கைப் பாதியில் அழித்துவிடுகிறது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் இந்தப் படைப்பின் முதல் இரண்டு பக்கத்தைத் தூக்கத்தில் எழுப்பினாலும் வாசிப்பார்கள். அவர்களில் பலர் இறுதி ஊர்வலத்தை மேடையில் ஒருமுறைகூட வாசித்திருக்க மாட்டார்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

அந்தக் காலத்து ஐரோப்பாவில் டிராம்போனுக்கும் சாவுக்கும் இருந்த உறவு மிக நெருக்கமானது. 1812-இல் பீத்தோவன் லின்ஸ் நகரில் தங்கியிருந்தபோது, அந்த ஊர் தேவாலயத்தின் இசைப் பொறுப்பாளர் குளோக்ல் கல்லறைத் திருநாளுக்காகக் கேட்டுக்கொள்ள, நான்கு டிராம்போன்களுக்கு மூன்று சிறு துண்டுகள் எழுதிக் கொடுத்தார். ‘எக்வாலே’ என்று அவற்றைச் சொல்வார்கள். 1827 மார்ச்சில் வியன்னாத் தெருக்களில் பீத்தோவனின் உடலைக் கொண்டுபோனபோது அந்தத் துண்டுகளே ஒலித்தன, ஆண் குரல்களும் சேர்ந்து பாடின. தான் எழுதியது தன் சாவுக்கே வந்து சேர்ந்தது. 1840-இல் பாரிஸில் பெர்லியோஸ், பத்து வருடத்துக்கு முந்தைய ஜூலைப் புரட்சியில் இறந்தவர்களின் எச்சங்களைப் பஸ்தீல் சதுக்கத்தில் அடக்கம் செய்யும் விழாவுக்காக ஒரு பெரிய பேண்டு சிம்பனி எழுதினார். அதன் நடுப்பகுதி ஒரு இரங்கல் உரை. உரையாற்றுவது யார் என்றால் ஒரு டிராம்போன். வார்த்தையே இல்லாமல், மேடையில் நின்று பேசுகிற ஒரு மனிதனைப் போல அது ஏறி இறங்கிப் பேசும்.

டேவிட்டின் இறுதி ஊர்வலம் இந்த இரண்டுக்கும் நடுவில், 1837-இல் வருகிறது. சர்ச்சிலும் சுடுகாட்டு வழியிலும் கூட்டமாக நின்று துக்கம் சொன்ன வாத்தியத்தை முதன்முதலாகத் தனியாளாக்கி, கச்சேரி மேடையின் நடுவில் நிறுத்தித் துக்கம் சொல்ல வைத்தவர்களில் அவர் ஒருவர். திறமை காட்டும் படைப்புதான் கேட்டார்கள். 1811-இல் வேபர் கிளாரினெட்டுக்கு எழுதிய கன்செர்ட்டினோவைப் போலப் பளபளப்பான ஒன்று கொடுத்திருந்தாலும் லைப்சிக் கைதட்டியிருக்கும். டேவிட் அந்தப் பளபளப்பையும் கொடுத்தார், நடுவில் இதையும் வைத்தார். டிராம்போனுக்கு எது சொந்தம் என்று அந்த வயலின்காரருக்குத் தெரிந்திருந்தது.

சென்னையில் கிறிஸ்தவர் வீட்டுச் சாவுகளில் பேண்டு வைத்துக் கல்லறை வரை போகும் பழக்கம் இருக்கிறதல்லவா, அந்த ஊர்வலத்தின் பின்னால் நடந்தவர்களுக்கு இந்த நடை கேட்டவுடனே பிடிபடும். கால் எடுத்து வைக்கும் இடத்தில் ஒரு கனம், அடுத்த காலுக்கு முன்னால் ஒரு தயக்கம். புள்ளி வைத்த தாளக்கட்டு அதைத்தான் செய்கிறது. இங்கே வாசிப்பவருக்கு ஓட்டம் எதுவும் உதவாது. ஒரு சுரத்தை எடுத்தால் அதை நடுங்காமல், தேவைக்கு மேல் வீங்காமல், கடைசி வரை உயிரோடு வைத்திருக்க வேண்டும். அழுகிற மாதிரி வாசித்தால் கெட்டுவிடும். சவப்பெட்டியைத் தோளில் தாங்கியவன் அழ முடியாது, நடந்தாக வேண்டும். டேவிட் இந்தப் பகுதியை மட்டும் வயலினுக்கும் பியானோவுக்கும் தனியாக மாற்றி எழுதி வைத்தார். 1873-இல் ஸ்விஸ் மலைகளில் குடும்பத்தோடு இருந்தபோது அவர் இறந்தார். அவருடைய சொந்த இறுதிச் சடங்கிலும் இந்த ஊர்வலமே வாசிக்கப்பட்டது என்று பதிவாகியிருக்கிறது.

இந்த இடத்தில் எதிர்க்கட்சிக்கும் காது கொடுக்க வேண்டும். கன்செர்ட்டினோ உலகமகா படைப்பா? இல்லை. இசைக்குழுவின் பங்கு சாதாரணம். பல இடங்களில் பின்னால் நின்று தாளம் தட்டுவதோடு சரி. வேபரின் நிழல் நன்றாகவே விழுகிறது. மெண்டல்சன் 1838 கோடையில் டேவிட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார், உனக்காக இ மைனரில் ஒரு வயலின் கன்செர்ட்டோ மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது என்ற பொருளில். அது முடிந்து 1845-இல் டேவிட் கையால் அரங்கேறியது. அதையும் இதையும் பக்கத்தில் வைத்தால் மேதைக்கும் நல்ல கலைஞனுக்கும் உள்ள தூரம் தெரியத்தான் செய்யும். டேவிட் ஐந்து வயலின் கன்செர்ட்டோக்கள் எழுதினார், இன்று அவற்றை யாரும் சீந்துவதில்லை. ஒரு பெரிய வயலின் ஆசானின் பெயரை வயலின்காரர்களை விட டிராம்போன்காரர்கள்தான் தினமும் உச்சரிக்கிறார்கள். அதை நினைத்தால் எனக்கு மனம் நெகிழும்.

அவருக்குப் பிறகு வந்தவர்களையும் ஒரு சுற்று பார்த்துவிடலாம். ரிம்ஸ்கி-கோர்சகோவ் ரஷ்யக் கடற்படைப் பேண்டுகளின் ஆய்வாளராக இருந்த காலத்தில், 1877-இல், டிராம்போனுக்கும் ராணுவப் பேண்டுக்கும் ஒரு கன்செர்ட்டோ எழுதினார். சுருக்கமானது, இனிமையானது, மாணவர்கள் நிறையவே வாசிக்கிறார்கள். ஆழம் போதாது. டென்மார்க்கின் லானி குரோண்டால் 1924-இல் எழுதியது வேறு ரகம். அதன் மெட்டுகள் டிராம்போனின் மார்பிலிருந்து வருகிற மாதிரி இருக்கும், நடுப்பகுதியில் ஒரு வடக்கத்திய ஏக்கம். கேட்பதற்கு எது இனிமை என்று ஓட்டெடுத்தால் குரோண்டால்தான் ஜெயிப்பார் என்று நினைக்கிறேன். ஃப்ராங்க் மார்ட்டின் 1940-இல் எழுதிய பல்லாடு கறாரானது, இறுக்கமானது. தொமாசியின் 1956 கன்செர்ட்டோவில் ஜாஸ் வாசனை தூக்கும், ஜாஸ் டிராம்போன்காரர் டாமி டோர்சியின் குரல் அங்கங்கே தெரியும். ஸ்வீடனின் கிறிஸ்டியன் லிண்ட்பெர்க் இசைக்குழு வேலையை விட்டுவிட்டுத் தனிக் கலைஞராக மட்டுமே வாழ முடியும் என்று நிரூபித்த பிறகு புதுப் படைப்புகள் மழை மாதிரி கொட்டின. யான் சாண்ட்ஸ்ட்ரோம் அவருக்காக எழுதிய ‘மோட்டார்பைக் கன்செர்ட்டோ’வில் டிராம்போன் நிஜமாகவே கியர் மாற்றும்.

ஆக, இன்று டிராம்போன்காரருக்குப் படைப்புப் பஞ்சம் இல்லை. அப்படியிருந்தும் டேவிட் நகரவில்லை. காரணம் எளிமையானது. மோட்சார்ட், ஹைடன் வகைத் தெளிவோடு, அதே இலக்கணத்தில், இசைக்குழு வாத்தியக்காரரின் ஒலியையும் தாளத்தையும் சுருதியையும் ஒரே பார்வையில் காட்டிக் கொடுக்கும் பழைய படைப்பு டெனார் டிராம்போனுக்கு இதுதான் கையில் இருக்கிறது. குரோண்டாலில் உணர்ச்சியின் பின்னால் கொஞ்சம் ஒளிந்துகொள்ளலாம். தொமாசியில் ஸ்டைலின் பின்னால். டேவிட்டின் முதல் பக்கத்தில் ஒளிய இடமே இல்லை. தேர்வுக் குழுக்கள் இதைப் பிடித்துக்கொண்டது புரிகிறது, அந்தத் தேர்வில் தப்பும் இல்லை. ஆனால் ஒரு படைப்பு அளவுகோலாக மாறிவிட்டால் அதை யாரும் இசையாகக் கேட்பதில்லை. வாசிப்பவன் மெட்ரோனோமைக் கேட்கிறான், கேட்பவர் பிழையைக் கேட்கிறார். கச்சேரிக்கு வருகிற பொதுமக்களுக்கோ இந்தப் பெயரே தெரிவதில்லை. டிராம்போன் உலகத்தில் இவ்வளவு உயரத்திலும் வெளியே இவ்வளவு மறைவிலும் ஒரே படைப்பு இருப்பது எனக்கு அநியாயமாகப் படுகிறது.

தேர்வுக் குழுவில் உட்காருகிறவர்கள் யாராவது என்னிடம் கேட்டால் ஒன்று சொல்வேன். முதல் சுற்றுக்கு முதல் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள். கடைசிச் சுற்றில் மூன்று நான்கு பேர் மிச்சமிருக்கும்போது, திரையை எடுத்த பிறகு, ஊர்வலத்தைக் கேளுங்கள். ஓட்டம் யாருக்கு வரும் என்பது அதற்குள் தெரிந்துவிட்டிருக்கும். புரூக்னரின் சிம்பனியில் மென்மையாக ஒரு கோரல் வரும்போது, மோட்சார்ட்டின் ரெக்வியத்தில் பாடகரோடு சேர்ந்து அந்தத் தனி வரி வரும்போது, ஷூமனின் ரைன் சிம்பனியில் கொலோன் தேவாலயம் எழுந்து நிற்கும்போது, இசைக்குழுவுக்கு வேண்டியது என்ன? ஒரு சுரத்தைக் கனத்தோடு தாங்கி நடக்கத் தெரிந்த ஆள். முதல் இரண்டு பக்கம் அதைச் சொல்லாது. சி மைனரில் வரும் முதல் சில அளவுகளே சொல்லிவிடும்.

கேட்க விரும்புகிறவர்களுக்கு: லிண்ட்பெர்க் ஜெர்மனியின் பாம்பெர்க் சிம்பனி இசைக்குழுவோடு செய்த பதிவு இருக்கிறது, அதிலிருந்து ஆரம்பிக்கலாம். முதல் பகுதி முடிந்ததும் நிறுத்தாமல் கேளுங்கள். பி ஃபிளாட்டின் வெளிச்சம் மங்கி சி மைனர் வரும் அந்தத் திருப்பத்தில் ஒலி எப்படி இருள்கிறது என்று கவனியுங்கள். பிறகு இ ஃபிளாட் திரும்பும்போது பழைய மெட்டு உங்களுக்குப் பழையதாகக் கேட்கிறதா என்று பாருங்கள்.

அது முடிந்ததும் கிறிஸ்டோபர் ரவுஸ் 1991-இல் எழுதிய டிராம்போன் கன்செர்ட்டோவுக்குப் போகலாம். நியூயார்க் பில்ஹார்மோனிக்கின் முதல் டிராம்போன் ஜோசப் அலெஸ்ஸிக்காக எழுதியது, 1992 டிசம்பரில் அரங்கேறி 1993-இல் புலிட்சர் பரிசு பெற்றது. 1990-இல் இறந்துபோன லெனர்ட் பெர்ன்ஸ்டைனின் நினைவுக்குச் சமர்ப்பிக்கப்பட்ட படைப்பு. டிராம்போன் அடிமட்டத்திலிருந்து, கேட்கிறதா இல்லையா என்ற ஒலியில் தொடங்குகிறது. நடுவில் ஒரு பயங்கரமான வேகப் பகுதி. கடைசியில் மெதுவான ஒரு நீண்ட இரங்கல், அதற்குள் பெர்ன்ஸ்டைனின் ‘காடிஷ்’ சிம்பனியிலிருந்து ஒரு மெட்டு வருகிறது. டேவிட் ஊர்வலத்தை நடுவில் வைத்தார், ரவுஸ் கடைசிக்குத் தள்ளிவிட்டார், திரும்பி வர வழியும் வைக்கவில்லை. ஏறத்தாழ அரை மணி நேரம் ஓடும். இரண்டையும் ஒரே மாலையில் கேட்டால் நடுவில் ஒரு காபி குடிக்கும் இடைவெளி விட்டுக்கொள்ளுங்கள்.